மீன் இருக்கும் இடத்தில் போய் நில்லுங்கள்: பருந்தும் மீனும் படமெடுக்க ஆசைப்படுபவருக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். செங்கல்பட்டுப் பக்கம் வீடு, கையில் கிராப் சென்சார் (அளவில் சின்ன சென்சார்) கேமராவும் 70-300 மில்லிமீட்டர் லென்ஸும் இருக்கிறது, வேட்டைப் பறவைகளையும் மீன்களையும் எடுக்க ஆசை. முதலில் 150-600 லென்ஸ் வாங்கலாமா, இல்லை தண்ணீருக்குள் கேமராவை இறக்கும் உறை வாங்கலாமா? எங்கே போக வேண்டும்? விராலடிப்பான் (ஆஸ்ப்ரே என்கிற மீன்பிடிப் பருந்து) காலில் மீனோடு தண்ணீரை உதறிக்கொண்டு எழும்புகிற அந்தப் படம் நமக்கும் கிடைக்குமா?

இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். முதல் ஒரு வருஷத்துக்கு உங்களிடம் இருப்பதே போதும். சேமிக்கிற பணத்தைப் பெட்ரோலுக்கும், ஒரு நல்ல பைனாகுலருக்கும், தண்ணீரின் மினுக்கத்தை வெட்டும் ஒரு போலரைசிங் ஃபில்டருக்கும் செலவழியுங்கள். பருந்தையும் மீனையும் தனித்தனி ஆசைகளாக வைத்துக்கொண்டு ஒன்றுக்கு ஒரு லென்ஸ், இன்னொன்றுக்கு ஒரு உறை என்று யோசிக்கிறீர்கள். நம் ஊரில், அதுவும் உங்கள் மாவட்டத்தில், இரண்டும் ஒரே தண்ணீரில்தான் இருக்கின்றன. எந்த ஏரியில் எந்த மாதம் தண்ணீர் எவ்வளவு இருக்கும், அதில் எந்த மீன் எந்த நேரம் மேலே வரும் என்று தெரிந்துகொண்டால் மீனும் கிடைக்கும், அதைத் தேடி வரும் பறவையும் கிடைக்கும். பறவையை மட்டும் துரத்திக்கொண்டு போகிறவர்களுக்குப் பெரும்பாலும் அதன் முதுகும் வாலும்தான் கிடைக்கும்.

முதலில் அந்த விராலடிப்பான் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலருடைய மனத்தை அந்தப் படம்தான் தொடக்கத்திலேயே சோர்வடையச் செய்கிறது. இணையத்தில் பார்க்கும் அந்தத் துல்லியமான படங்களில் ஒரு நல்ல பங்கு ஐரோப்பாவில், குறிப்பாக ஸ்காட்லாந்தில், மீன் வளர்க்கும் குளங்களின் கரையில் நீர்மட்டத்துக்கே மறைவிடம் கட்டி, கட்டணம் வாங்கிக்கொண்டு ஆட்களை உட்கார வைத்து எடுப்பவை. குளம் சின்னது, உள்ளே மீன் நெருக்கமாக இருக்கும், பறவை எங்கே பாயும் என்பது ஏறத்தாழ முன்கூட்டியே தெரியும். அந்தப் படங்களில் குறை எதுவும் இல்லை. ஆனால் ஏக்கர் கணக்கில் விரிந்த உப்பங்கழியில் கரையோரம் நிற்கிற நீங்கள் உங்கள் படத்தை அதோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை. இங்கே விராலடிப்பான் குளிர்கால விருந்தாளி. அக்டோபர் வாக்கில் வரும், மார்ச், ஏப்ரலில் கிளம்பிவிடும், கூடு கட்டுவதில்லை. அதன் உணவு கிட்டத்தட்ட முழுக்க மீன்தான். பத்து முதல் நாற்பது மீட்டர் உயரத்தில் சுற்றி, ஒரே இடத்தில் சிறகடித்து நின்று பார்த்து, கால்களை முன்னால் நீட்டிப் பாயும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு மேல் அதனால் போக முடியாது. ஆகவே மேல்மட்டத்தில் திரியும் மடவை போன்ற மீன்களோ, ஆழம் குறைந்த இடத்தில் மேயும் மீன்களோ இருந்தால்தான் அது பாயும். பிடித்த மீனைத் தலை முன்னால் இருக்கும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டு பறக்கும், காற்று எதிர்ப்பு குறைய வேண்டுமே. வெளிவிரலைப் பின்பக்கமாகத் திருப்ப முடியும், பாதத்தில் முள் முள்ளாக இருக்கும், அதனால்தான் வழுக்குகிற மீன் நழுவுவதில்லை. இதெல்லாம் தெரிந்தால் எங்கே நிற்பது என்பது பாதி தீர்ந்துவிடும்: ஆழமான நடு ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், மீன் கூட்டம் மேயும் ஆழமில்லாத ஓரத்தையும், பக்கத்தில் நட்டிருக்கும் மூங்கில் கழிகளையும் கவனியுங்கள். சாப்பிட அது திரும்பத் திரும்ப ஒரே கழிக்கு வரும் பழக்கம் உண்டு.

அந்தக் கழி எது என்று வலை போடுகிறவருக்குத் தெரியும். "அண்ணே, மீனைத் தூக்கிட்டு வந்து உக்காருமே ஒரு பருந்து, அது எந்தக் கழியில உக்காரும்?" என்று கேட்டால் போதும், நேரம் உட்படச் சொல்லிவிடுவார்கள். வலை இழுக்கும் நேரத்தில் குறுக்கே போய் நிற்காதீர்கள், அவர்கள் முகத்தைக் கேட்காமல் எடுக்காதீர்கள், முடிந்தால் அன்றைய மீனில் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். எந்த வழிகாட்டிப் புத்தகமும் தராத தகவல் அவர்களிடம் இருக்கிறது.

ஆனால் விராலடிப்பானோடு தொடங்காதீர்கள். செம்பருந்தோடும் கள்ளப்பருந்தோடும் தொடங்குங்கள். காசிமேடு, நாகப்பட்டினம், ராமேஸ்வரம் என்று எந்த மீன்பிடித் துறைமுகத்திலும், அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் கோவளம் பக்கம் மீன் இறங்கும் கரையிலும், காலையில் இரண்டும் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கும். தண்ணீரின் மேல் கிடக்கும் கழிவு மீனைக் காலால் அள்ளும், பறந்துகொண்டே சாப்பிடும், ஒன்றிடமிருந்து இன்னொன்று பிடுங்கும். இவ்வளவு பக்கத்தில், இவ்வளவு தரம், மனிதர்களைக் கண்டு மிரளாமல் பயிற்சி கொடுக்கிற வேட்டைப் பறவை வேறு கிடையாது. 300 மில்லிமீட்டரே அங்கே தாராளம். கிராப் சென்சாரில் அது 450 அளவுக்கு, கேனானாக இருந்தால் 480 அளவுக்கு நெருக்கம் தரும். ஒரு குளிர்காலம் முழுக்க இந்த இரண்டையும் எடுத்துக் கை பழகிய பிறகு விராலடிப்பான் வரும் கழுவெளி ஈரநிலத்துக்குப் போனால் கேமராவைத் தேடிக்கொண்டிருக்க மாட்டீர்கள், பறவையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

செம்பருந்து பார்க்க அழகு, எடுக்கக் கொஞ்சம் சிக்கல். தலையும் மார்பும் பால் வெள்ளை, உடம்பு செங்கல் நிறம். கேமராவை அதன் போக்கில் விட்டால் உடம்பைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டி, தலையை வெறும் வெள்ளைக் காகிதமாக்கிவிடும். பின்னால் மரமோ இருண்ட தண்ணீரோ இருந்தால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் வரை குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது), தலையில் இறகின் மெல்லிய கோடுகள் தெரியும். கள்ளப்பருந்துக்கு நேர் எதிர். வெளுத்த வானத்துக்கு எதிரே கரும்பழுப்புப் பறவை, அங்கே ஒன்றரை ஸ்டாப் வரை கூட்டினால்தான் கண் தெரியும். இரண்டும் ஒரே நேரத்தில் சுற்றும்போது ஒவ்வொன்றுக்கும் மாற்றிக்கொண்டிருக்க முடியாது, அதனால் மேனுவல் மோடில் ஷட்டர் 1/2000, துளை முழுக்கத் திறந்து அல்லது எஃப் 8, ஐஎஸ்ஓவை (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவை) ஆட்டோவில் விட்டு, எக்ஸ்போஷரைக் கூட்டிக் குறைக்கும் காம்பன்சேஷன் சக்கரத்தை மட்டும் கட்டைவிரலில் வைத்துக்கொள்ளுங்கள். வட்டமிடும் பறவைக்கு 1/1000 போதும். பாயும் பறவைக்கு 1/2500க்குக் கீழே போகாதீர்கள். ஐஎஸ்ஓ 3200 வந்தால் பயப்பட வேண்டாம், புள்ளி புள்ளியாக இருக்கும் படத்தை இப்போதைய மென்பொருள்கள் நன்றாகவே சுத்தம் செய்கின்றன. ஆடிப்போன படத்தை எதாலும் மீட்க முடியாது.

இதைவிடப் பெரிய விஷயம் காற்றும் சூரியனும். பறவை எழும்பும்போதும் இறங்கும்போதும், ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கும்போதும் காற்றுக்கு எதிரே முகம் வைத்துத்தான் இருக்கும். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலும், காற்றும் உங்கள் முதுகிலிருந்தோ பக்கத்திலிருந்தோ அடித்தாலும் பறவையின் முகம் உங்கள் பக்கம், அதில் வெளிச்சமும் விழும். இதற்கு நம் ஏரிகள் ரொம்ப வசதியாக அமைந்திருக்கின்றன. உங்கள் பக்கத்து நிலம் மேற்கிலிருந்து கிழக்காகச் சரிகிறது, அதனால் பெரும்பாலான ஏரிகளின் கரை கிழக்கு ஓரத்தில்தான் போட்டிருப்பார்கள், தண்ணீர் மேற்கே விரிந்து கிடக்கும். காலையில் கரை மேல் நின்றாலே சூரியன் முதுகில். மார்கழி, தை மாதத்தில் வாடை வடகிழக்காக அடித்தால் பறவை பாதி உங்கள் பக்கம் திரும்பியே சிறகடிக்கும். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், பறவை இன்னும் நேராக உங்களைப் பார்க்கும், ஆனால் சூரியன் எதிரே போயிருக்கும், நிழலுருவம்தான் கிடைக்கும். அதுவும் அழகுதான், மாலையில் அதற்காகவே போகலாம், ஆனால் கண்ணில் ஒளிப்புள்ளியோடு படம் வேண்டுமென்றால் காலை மட்டும்தான். அதிலும் ஒன்பது, ஒன்பதரைக்கு மேல் உப்பளத்திலும் வறண்ட ஏரியிலும் கானல் எழும்பத் தொடங்கிவிடும். தூரத்துப் பறவையின் விளிம்பெல்லாம் நெளியும், எவ்வளவு விலை லென்ஸானாலும் அதை வெல்ல முடியாது. லென்ஸில் கோளாறு என்று நினைத்து சர்வீஸுக்கு அனுப்புகிறவர்கள் நிறையப் பேர்.

பறவையைக் கண்டுபிடிக்கக் கண்ணைவிடக் காது உதவும். காகங்கள் திடீரென்று ஒரே குரலில் கத்திக்கொண்டு ஒரு பக்கமாகப் பறந்தால், கரிச்சான் மேலிருந்து குத்தினால், நாமக்கோழிக் கூட்டம் நெருங்கிச் சேர்ந்து நடுத் தண்ணீருக்கு ஓடினால், வேட்டைப் பறவை ஒன்று வந்திருக்கிறது. குளிர்காலத்தில் சேற்றுப் பூனைப்பருந்து நாணல் மேல் தாழ்வாக, இறக்கையை லேசாக மேல்நோக்கி வைத்துக்கொண்டு வரும்போது ஏரியின் பறவைகள் மொத்தமும் எழும்பும் பாருங்கள், அந்தப் பறவையை மட்டும் நெருக்கமாக எடுப்பதைவிட, அதோடு சேர்ந்து எழும்பும் கூட்டத்தையும் 70 மில்லிமீட்டரில் எடுத்தால் கதையே தெரியும். சின்ன லென்ஸை இதற்காகத்தான் விற்காதீர்கள் என்கிறேன்.

சரி, மீனுக்கு வருகிறேன். மீன் படம் என்றாலே கடலுக்கடியில் என்று நினைக்கிறோம். கரையில் நின்றே எடுக்கக்கூடிய மீன் வாழ்க்கை நம் ஏரி குளங்களில் ஏராளம், அதை எடுத்தவர்கள் மிகக் குறைவு, உண்மையிலேயே புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்றால் இங்கேதான் இடம் காலியாக இருக்கிறது.

விரால் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் செடி அடர்ந்த ஓரத்தில், தண்ணீரின் மேல்மட்டத்தில் ஒரு சாண், இரண்டு சாண் அகலத்துக்குச் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ கொப்பளிப்பது போலத் தெரியும். அது விரால் குஞ்சுக் கூட்டம். காற்று குடிக்க எல்லாம் சேர்ந்து மேலே வருகின்றன, கீழே தாயோ தகப்பனோ காவல் நிற்கும், கவனித்துப் பார்த்தால் இருண்ட தலை மட்டும் தெரியும். குஞ்சுகளைப் பார்த்தால் பெற்றோர் அங்கேயே இருக்கும் என்று தூண்டில்காரர்களுக்கும் தெரியும், பெற்றோரைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரு நாளில் தீர்த்துவிடும். ஆகவே படத்தைப் போடும்போது எந்த ஏரி, எந்த மூலை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். ஜிலேபி கெண்டை இன்னும் எளிது. நம் ஊர் மீன் இல்லை, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, நாட்டு மீன்களுக்கு அது செய்த கெடுதல் எனக்குப் பிடிக்காதது. ஆனாலும் படம் பழக நல்ல மீன். ஆழம் குறைந்த ஓரத்தில் தட்டு மாதிரி வட்டக் குழி தோண்டி, நடுவில் ஆண் நின்று பக்கத்துக் குழிக்காரனை விரட்டிக்கொண்டிருக்கும். பெண் முட்டையை வாயில் எடுத்துக் குஞ்சு பொரிக்கும், குஞ்சுகள் பயந்தால் மறுபடி தாயின் வாய்க்குள்ளேயே போகும்.

இதையெல்லாம் எடுக்கத்தான் அந்தப் போலரைசர். தண்ணீரின் மேல் தெரியும் வான வெளிச்சத்தை அது வெட்டும், ஆனால் எல்லாக் கோணத்திலும் ஒரே அளவு வெட்டாது. நீர்ப்பரப்பிலிருந்து சுமார் 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது அதிகபட்சம் வேலை செய்யும், நேர் மேலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே செய்யாது. அதனால் குனிந்து எட்டிப் பார்க்காமல் இரண்டு அடி பின்வாங்கிச் சாய்வாகப் பாருங்கள், வளையத்தைச் சுழற்றும்போது ஒரு கட்டத்தில் திரை விலகியது போல அடித்தரை தெரியும், அங்கே நிறுத்துங்கள். ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வெளிச்சத்தை அது தின்றுவிடும், பறவைக்குத் திரும்பும்போது கழற்ற மறக்காதீர்கள். உங்கள் நிழல் தண்ணீரில் விழக் கூடாது, கரையில் தொம் தொம் என்று நடக்கவும் கூடாது. நாம் பேசுவது மீனை அவ்வளவாகப் பாதிக்காது, நிலத்தின் அதிர்வை உடனே உணர்ந்துவிடும்.

வருஷத்தில் இரண்டு தருணங்களை விட்டுவிடாதீர்கள். ஒன்று, ஏரி நிரம்பிக் கலிங்கு (மிகுதி நீர் வெளியேறும் கல் தடுப்பு) வழியும் நாட்கள். வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்து முதல் தடவை கலிங்கு வழிந்தால் கீழே ஓடையிலிருக்கும் கெண்டைகள் நீரோட்டத்துக்கு எதிரே ஏறும், வழியும் தண்ணீரில் துள்ளித் துள்ளி விழும். கொக்கு, நாரை, மீன்கொத்தி எல்லாம் கீழே வரிசையாக நிற்கும், செம்பருந்து மேலே சுற்றும். மீன் துள்ளும் இடம் மாறாது, அதே விளிம்பில்தான் திரும்பத் திரும்பத் துள்ளும், அதனால் ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு விளிம்பில் ஒரு கல்லின் மேல் ஃபோகஸ் வைத்து, எஃப் 8, 1/2000, தொடர்ச்சியாகச் சுடும் மோடில் காத்திருங்கள். கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் தாமதம்தான், துள்ளல்களின் இடைவெளி மனதுக்குப் பழகும் வரை வெறுமனே பார்த்துக்கொண்டிருங்கள். கலிங்கின் மேல் நடக்காதீர்கள், பாசி பிடித்த கல், கீழே இழுப்பு பலமாக இருக்கும். ஒவ்வொரு மழைக்காலமும் இப்படி உயிர் போகிறது.

இரண்டாவது, சித்திரை, வைகாசியில் ஏரி வற்றும் நேரம். தண்ணீர் நாலு குட்டையாகச் சுருங்கும்போது மீனெல்லாம் அதற்குள் அடைபட்டிருக்கும். பறவைகளுக்கு விருந்து. விராலடிப்பான் அதற்குள் கிளம்பிப் போயிருக்கும், ஆனால் செம்பருந்தும் கள்ளப்பருந்தும் குட்டையைச் சுற்றிச் சேற்றிலேயே இறங்கி உட்காரும். படுத்துக்கொண்டு கண் மட்டத்தில் எடுக்க வருஷத்தில் இதைவிட நல்ல நேரம் இல்லை. புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் இந்த நேரம் மீன்பிடித் திருவிழா நடக்கும், ஊரே ஊத்தாவும் (மீனை மூடிப் பிடிக்கும் கூடை) கச்சா வலையுமாக இறங்கும். ஒரு தடவை போய்ப் பாருங்கள், மனிதன், மீன், பறவை மூன்றும் ஒரே சட்டத்துக்குள் வரும்.

மட்ஸ்கிப்பரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, நான் அதிகம் விரும்பி எடுக்கும் மீன் அதுதான். சேற்றின் மேல் நடக்கிற, தாவுகிற, சண்டை போடுகிற மீன். தண்ணீருக்குள் இறங்கும் உறை எதுவும் வேண்டாம், உங்கள் 70-300 போதும், கூடவே லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் மாட்டும் ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப் இருந்தால் இன்னும் நெருங்கலாம். பிச்சாவரம், முத்துப்பேட்டை போன்ற அலையாத்திக் காடுகளிலும், எண்ணூர், பழவேற்காடு கழிகளின் சேற்றுக் கரையிலும் இருக்கும். நம் கரையில் கடல் ஒரு நாளைக்கு இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் வற்றும், அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றல் அதிகம். வற்றும் நேரம் காலை ஏழு, எட்டு மணிக்கு விழும் நாளைப் பார்த்துப் போங்கள். சேறு வெளியே தெரிந்ததும் வளையிலிருந்து வெளியே வரும். தோல் வழியாகவும் வாயின் உட்பக்கம் வழியாகவும் அது காற்றிலேயே சுவாசிக்கும், தோல் ஈரமாக இருந்தால்தான் முடியும் என்பதால் அடிக்கடி சேற்றில் புரண்டுகொள்ளும். கண்கள் தலைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும், அவற்றை உள்ளே இழுத்து நனைத்துவிட்டு மறுபடி வெளியே தள்ளும், அந்தக் கணத்தில் எடுத்த படம் கண்ணே இல்லாத மீன் போல இருக்கும். நீலப் புள்ளிகள் கொண்ட இனத்தில் ஆண் முதுகுத் துடுப்பைப் பாய்மரம் மாதிரி விரித்துக்கொண்டு நேராக மேலே துள்ளும். துள்ளுவதற்கு முன் உடம்பை லேசாக வளைக்கும், அதுதான் உங்களுக்கான அறிகுறி.

நீங்கள் போய்ச் சேர்ந்ததும் எல்லாம் வளைக்குள் மறைந்துவிடும். பயப்படாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுப் படுத்து, கேமராவை ஒரு மணல் பையின் மேல் வைத்து, அசையாமல் இருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகத் தலை காட்டும், அப்புறம் உங்களைப் பொருட்படுத்தாது. எழுந்து நின்றுகொண்டே எடுத்தால் சேற்றில் கிடக்கும் பல்லி போல இருக்கும், கண் மட்டத்தில் எடுத்தால்தான் அந்த முகம் தெரியும். அலையாத்தி மரங்களின் மூச்சு வேர்களை மிதித்து உடைக்காமல் படுங்கள். வெயிலைவிட மேகமூட்டம் நல்லது, ஈரச் சேறு கண்ணாடி போல மின்னி வெளிச்சத்தைக் கெடுக்காது. கடல் திரும்ப ஏறும் நேரத்தைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், சேற்றில் கால் மாட்டிக்கொண்டிருக்கும்போது தண்ணீர் ஏறுவது விளையாட்டில்லை.

தண்ணீருக்குள்ளேயே இறங்கி எடுப்பது பற்றி. உறை வாங்குவதற்கு முன்னால் உடம்பு தண்ணீரில் அசையாமல் மிதக்கப் பழக வேண்டும், அது வராதவர் கையில் எவ்வளவு விலை உறை இருந்தாலும் கலங்கல்தான் படமாகும். நீச்சல், ஸ்னார்க்கெல் பழகிய பிறகு ஒலிம்பஸ் டிஜி வரிசை போன்ற சின்னக் கேமரா ஒன்று போதும், உறை இல்லாமலே 15 மீட்டர் வரை தாங்கும், நெருக்கத்திலும் நன்றாக எடுக்கும். தண்ணீருக்குள் பொருள்கள் கால்வாசி பக்கத்திலும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் தெரியும், ஒரு மீட்டர் தொலைவில் இருக்கும் மீன் முக்கால் மீட்டரில் இருப்பது போல இருக்கும். பக்கத்தில் இருப்பதாக நினைத்து அழுத்திவிடுவோம், இடையில் அவ்வளவு தண்ணீர் இருக்கும். சிவப்பு நிறம் முதல் சில மீட்டரிலேயே போய்விடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே, இன்னும் நெருங்குங்கள், மேலிருந்து கீழாக எடுக்காமல் மீனின் மட்டத்துக்கோ அதற்குக் கீழோ போய் மேல்நோக்கி எடுங்கள். கேமராவோடு ஒட்டியிருக்கும் ஃபிளாஷைப் போட்டால் தண்ணீரில் மிதக்கும் தூசெல்லாம் பனி பெய்தது போல வெள்ளையாக விழும், அணைத்துவிடுங்கள். மழைக்காலத்திலும் அதை ஒட்டியும் ஆற்றுக் கலங்கல் கடலில் இருக்கும், அது தெளியும் வரை காத்திருப்பது நல்லது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா, இஷ்டத்துக்கு இறங்க முடியாது, வனத்துறையிடம் கேட்டுக்கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும். கடல்குதிரை கண்ணில் பட்டால் தொடாதீர்கள், படத்துக்காகக் கையில் எடுத்து வைப்பதும் கூடாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது.

அதுவரை வீட்டு மீன்தொட்டியில் பழகலாம், இதைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. கண்ணாடியை உள்ளும் புறமும் துடைத்து, ரப்பர் ஹூடை ஒட்டி வைத்து, கண்ணாடிக்கு நேராக எடுங்கள், சாய்த்தால் கண்ணாடியே படத்தை மங்கலாக்கும். அறை விளக்கை அணைத்துவிட்டு ஃபிளாஷைத் தொட்டியின் மேல் வைத்துக் கீழ்நோக்கி அடியுங்கள், சூரிய வெளிச்சம் இயற்கையில் வரும் திசை அதுதான். மீன் திரும்பும் அந்த நொடியில் கண்ணில் ஃபோகஸ் பிடிக்கும் பழக்கம் அங்கேதான் வரும். ஆனால் தொட்டியில் எடுத்ததைத் தொட்டியில் எடுத்தது என்று சொல்லித்தான் போட வேண்டும். பிடித்துக் கட்டி வைத்த பறவைக்கும், இரை காட்டி வரவழைத்த பறவைக்கும் இதே விதிதான்.

அந்த இரை விஷயத்தைக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். கோழிக் கழிவை வீசிப் பருந்துகளை வரவழைத்து எடுக்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். தயவுசெய்து அதில் சேராதீர்கள். மனிதன் வீசுவதற்காகக் காத்திருக்கப் பழகிய பறவை சாலைக்கும் மின்கம்பிக்கும் பக்கத்தில் இறங்கும், அந்தக் கோழித் தோலும் கொழுப்பும் அதற்கான சாப்பாடும் இல்லை. கூடு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். செம்பருந்துக்கு டிசம்பர் முதல் ஏப்ரல் வரை கூடு கட்டும் காலம், வல்லூறுக்குக் கோடை. நீங்கள் மரத்தடியில் நிற்கும் நேரமெல்லாம் தாய் கூட்டைவிட்டு விலகியிருக்கும், முட்டை வெயிலில் வேகும், காகம் பார்த்துக்கொண்டேயிருக்கும். படம் தெளிவாக வர வேண்டும் என்று கிளையை வெட்டி ஒதுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், அது குஞ்சின் நிழலை வெட்டுவது. கூட்டைப் பார்த்தால் பைனாகுலரில் தூரத்திலிருந்து பாருங்கள், திரும்பி வந்துவிடுங்கள், யாருக்கும் இடம் சொல்லாதீர்கள். எந்தப் படமும் எடுக்காமல் திரும்பினாலும் பரவாயில்லை.

இடங்கள் கேட்டீர்கள். உங்களுக்கு முதலில் மதுராந்தகம், கொளவாய் போன்ற பக்கத்து ஏரிகள், ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து வருஷம் முழுக்க அதற்கே போங்கள். அப்புறம் முட்டுக்காடு உப்பங்கழி, முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில் கடல் மீன் உள்ளே ஏறும், பறவையும் கூடும். குளிர்காலத்தில் மரக்காணம் பக்கத்துக் கழுவெளி, 2021 கடைசியில் பறவைகள் சரணாலயமானது, 2024ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. பூனைப்பருந்துகளுக்கும் விராலடிப்பானுக்கும் அருமையான இடம். பள்ளிக்கரணையும் 2022ல் ராம்சர் இடமாகிவிட்டது, சாலையோரத்திலிருந்தே பூனைப்பருந்தைப் பார்க்கலாம். பாதுகாக்கப்பட்ட இடங்களில் ட்ரோன் பறக்க விடாதீர்கள், அனுமதியும் கிடையாது, பருந்து அதை எதிரியாக நினைத்துப் பாயவும் செய்யும்.

ஒரு வருஷம் கழித்தும் ஆசை குறையாமல் இருந்தால் 150-600 வாங்குங்கள், பழையதாக இருந்தாலும் சரி. இரண்டு கிலோ பக்கம் எடை, கடையில் கையில் பிடித்துப் பத்து நிமிஷம் பறக்கும் காகத்தைத் தொடர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வாங்கும் முன் பூஞ்சை இருக்கிறதா என்று டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், நம் கடற்கரை ஈரத்தில் அதுதான் லென்ஸின் முதல் எதிரி. கடலோரத்திலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமரா, லென்ஸின் வெளிப்புறத்தைத் துடைத்து, காய வைத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். தண்ணீரில் இறங்கும் கேமராவாக இருந்தால் அரை மணி நேரம் நல்ல தண்ணீரில் ஊறப் போட்டு, மூடியைத் திறக்கும் முன் முழுக்கத் துடையுங்கள், ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகள் நின்றாலும் அடுத்த முறை உள்ளே தண்ணீர் போய்விடும்.